குடைமுள்ளுக்கு ஒரு பெயர்

நுண்ணோக்கியில் அந்தப் பந்து தெரிந்ததும் ஆய்வாளருக்குத் தலைகால் புரியவில்லை. கடலில் மிதந்த நுண்ணுயிர் ஒன்று கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கூடு அது. உடம்பெல்லாம் முள், ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் குட்டிக் குடை. எந்த நூலிலும் இல்லாத புது இனம்!

"உன் பேரைத்தான் வைக்கப்போறேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் அக்கா, தங்கை, நாத்தனார் என ஒருவர் விடாமல் சொல்லி முடித்தாள்.

முள்ளை அளந்து, படம் வரைந்து, கட்டுரையை முடிக்கும் நேரத்தில் புது ஆய்விதழ் வந்தது. புரட்டினால் படத்தில் அதே கூடு, அதே குடைமுள். எழுதியவர் எதிர் அறைக்காரர்! முதலில் அச்சில் வந்த பெயர்தான் நிலைக்கும் என்பது விதி.

ஆய்வாளர் கதவைத் தட்டாமலே உள்ளே பாய்ந்தார். "நீயெல்லாம் மனுஷனாய்யா? முந்திக்கிட்டியே!"

"உங்ககிட்டயும் இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும் சார்? நீங்கதான் மூச்சே விடலையே. என்ன பேர் வச்சிருக்கேன்னு படிச்சுட்டுத் திட்டுங்க."

படித்தார். திட்டாமலே இதழை மடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கொதித்தாள். "அந்தத் திருட்டு ஆள் விளங்குவானா? என் பேரைக் கெடுத்துட்டு யார் பேரை வச்சானாம்?"

ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் பேரை."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?"