மூன்றாவது கியர்பொக்ஸ்

சுதாகரன் விரலில் தொட்ட கியர்பொக்ஸ் ஒயிலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

ஒன்றும் மணக்கவில்லை.

மணக்காது என்று அவனுக்கு முன்பே தெரியும். எதிரே குந்தியிருந்த கஜீபனுக்குத்தான் தெரியாது. தெரியவும் கூடாது.

கஜீபன், சுதாகரனின் மனைவி தர்சினியின் தம்பி. தர்சினி செத்தபோது பூட்டிய கராஜை சுதாகரன் இன்னும் திறக்கவில்லை. தன் ரேஸ் காருக்குத் தானாகக் கியர் மாறுகிற ஓட்டோ கியர்பொக்ஸ் கட்ட வேண்டும், அத்தான் வந்து பார்த்து எடுத்துத் தந்தால்தான் சரி என்று ஒற்றைக்காலில் நின்று, கஜீபன் அவனை இன்று சண்டிலிப்பாய்க்குக் கூட்டிவந்திருந்தான். ரேஸ் பாதி சாட்டு. அத்தானை எப்படியாவது வீட்டுக்கு வெளியே இழுக்க வேண்டும். நல்ல பிள்ளை. வழி முழுக்க வாய் ஓயாமல் காரைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தான்.

சுதாகரனுக்கு வந்ததும் ஒன்றுதான், வராமல் விட்டிருந்தாலும் ஒன்றுதான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான். ஏறு என்றால் ஏறினான். அழுகைகூட வரவில்லை.

பழைய வாகனச் சாமான் விற்கிற றோஸ் அக்கா, கேற்றைத் திறக்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"மூக்கர் வந்திட்டார். இனி என்ரை பொய் ஒண்டும் எடுபடாது."

அவனைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள், பாவம். அவன் சிரிக்காததைக் கண்டதும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிப்போனாள். அவனுக்குத் தேத்தண்ணியும் சுடுதண்ணியும் ஒன்றுதான். குடித்தான்.

மூக்கர் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. கியர்பொக்ஸைக் கழற்றாமலே, ஒயிலை மணந்து, உள்ளே எரிந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். காங்கேசன்துறையிலிருந்துகூடச் சோடாப் போத்தலில் ஒயில் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவன் சொன்னால் சொன்னதுதான்.

அந்த மூக்கு, பொங்கலுக்குப் பிறகு வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. தர்சினி இருக்கும்போதே போய்விட்டது. இன்றைக்குத் திரும்பும், நாளைக்குத் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கை வைத்துத் தொழில் செய்கிறவன் மூக்குப் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்வானா? தர்சினிக்குக்கூட மூச்சு விடவில்லை.

சீமெந்துத் தரையில் மூன்று கியர்பொக்ஸ் கிடந்தன. மூன்றும் ஓடாதவை. அதனால் குற்றமில்லை. இப்படிப்பட்ட பழைய பெட்டியைத் தொழிலில் 'கோர்' என்பார்கள். முழுதாகக் கழற்றி, பலமான சாமான் போட்டுத் திரும்பக் கட்டுவதற்குத்தான் அதை எடுப்பது. வெளிக்கோதும் தண்டும் உருளைகளும் பழுதில்லாமல் இருந்தால் போதும்.

முதலாவதின் கோதில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. தள்ளினான்.

இரண்டாவதை யாரோ ஏற்கெனவே திறந்து, ஆணித்தலைகளைத் தேய்த்து, பசையை அப்பி மூடியிருந்தார்கள். உள்ளே என்ன கூத்தாடினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதையும் தள்ளினான்.

மூன்றாவதை ஒருவரும் திறந்திருக்கவில்லை. தண்டு ஆடவில்லை. ஒயில் தேங்குகிற அடித்தட்டை மட்டும் கழற்றிப் பார்த்தான்; அதிலிருந்த காந்தத்தில் இரும்புத் துண்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஒயில்தான் கறுப்பு. நாள்பட்டாலும் ஒயில் கறுக்கும், எரிந்தாலும் கறுக்கும். எரிந்ததென்றால் உருளைகள் வெந்திருக்கும்; என்ன சாமான் போட்டுக் கட்டினாலும் வேகத்தில் இறுகிவிடலாம். எது என்பதை மூக்குத்தான் சொல்ல வேண்டும்.

"ஏதும் மணக்குதோ அத்தான்?" என்றான் கஜீபன்.

இல்லை என்று சொல்வது எவ்வளவு லேசு. அது பொய்யும் இல்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் இந்தப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடப்போகிறவன் கஜீபன். பாதி வழியில் இறுகினால் காரையும் அள்ள முடியாது, ஆளையும் அள்ள முடியாது. அப்படி நினைத்தபோதும் சுதாகரனுக்குப் பயம் வரவில்லை. தன் வாயிலிருந்து அந்தச் சொல் இன்னொருமுறை வரக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

விரலை அவனிடம் நீட்டினான்.

கஜீபன் அவன் மணிக்கட்டைப் பிடித்து, குனிந்து மணந்தான். உடனே முகத்தைச் சுளித்தான்.

"சீ, கருகி நாறுது! உங்களுக்கு இது மணக்கேல்லையோ..."

சிரித்துக்கொண்டு தொடங்கியவன் முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்கத் துணி சுற்றிக் கிடந்த தர்சினி, பேச்சு நிற்பதற்கு முன் தம்பியிடம் ஒன்றைத்தான் சொன்னாள். "எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. அவரைத்தான் கேட்டனான், காஸ் மணக்குதோ எண்டு. இல்லை எண்டவர். பிறகுதான் நெருப்புக்குச்சி தட்டினனான்."

செத்தவீட்டில் குசுகுசுத்தவர்களிடமெல்லாம் கஜீபன் அதைச் சொல்லித்தான் சண்டைக்குப் போனான். அத்தானை ஒருவரும் குறை சொல்லக்கூடாது. அந்த மூக்குக்கே மணக்காத காஸ் வேறு யாருக்கு மணந்திருக்கும்?

கஜீபன் பிடித்த கையை விடவில்லை.

"உது எப்ப தொடக்கம், அத்தான்?"