மீசை இருந்தால் பாட்டு கேட்காது

"நாளையிலேர்ந்து எல்லாரும் மீசையை எடுத்துட்டு வாங்க. மீசை இருந்தா எனக்குப் பாட்டே கேக்க மாட்டேங்குது!"

பாடகர் குழுவின் மாஸ்டர் முதல் ஒத்திகையிலேயே இப்படி ஒரு குண்டைப் போட்டார். ஆண்கள் வரிசை முணுமுணுத்தது. ஆனாலும் பாடப்போவது அந்தக் காலத்து மேதை ஒருவர் இசையமைத்த இறைவேண்டல் ஆயிற்றே. சாமி காரியம் என்று மறுநாளே எல்லோரும் மழுமழுவென்று வந்து நின்றார்கள்.

அந்த வரிசையில் நின்ற பூட்டுக்காரருக்கு மீசை போன வருத்தம் இல்லை. ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிற அவருடைய வாய்க்கே, அதே குழுவில் பாடும் மனைவி பூட்டுப் போட்டிருந்தாள்.

"உங்க தொண்டை எனக்குத் தெரியாதா? நீங்க பாடினா பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் சுருதி போயிடும். என்கூட வரணும்னா வாயை மட்டும் அசைங்க, போதும்."

அசைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே அசைத்தார். 'ஆண்டவரே, இரங்கும்' என்று மற்றவர்கள் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாட, இவர் மட்டும் நிமிர்ந்து நின்று கடைவாய்ப் பல் தெரிய வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் போட்ட சத்தத்தில் இவருடைய மௌனம் யாருக்கும் தெரியவில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாஸ்டர் கையைத் தட்டினார்.

"தனியா பாட வேண்டியவருக்கு ஜுரமாம். நாளைக்கு அந்த இடத்தை நம்ம பூட்டுக்காரர் பாடட்டும். இந்தக் குழுவுலயே அவர் உச்சரிப்புதான் சுத்தம்!"

மனைவியின் கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன.

"அடேங்கப்பா! பக்கத்துலயே நிக்கிறேன், எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றார் பேக்கரிக்காரர்.

பூட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நிறைந்த சபையில் வாயைத் திறந்தால் தன் மானத்தோடு மனைவியின் மானமும் கப்பலேறிவிடும்.

எல்லோரும் கிளம்பியதும், "போங்க, போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்று அவரை உள்ளே தள்ளிவிட்டு அவள் வாசலில் நின்றுகொண்டாள்.

மாஸ்டர் பியானோ மேல் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் பூட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாஸ்டர், நான் இதுவரைக்கும் ஒரு வரிகூடப் பாடினதில்லை. எல்லாம் வெறும் வாயசைப்புதான். மன்னிச்சிடுங்க."

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, வாசலில் நின்ற மனைவிக்கே கேட்கும்படி இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். அதற்கும் பதில் இல்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. மாஸ்டர் அவரைத் தன் பக்கம் திருப்பினார். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவருடைய உதடுகளையே உற்றுப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க, எனக்குச் சுத்தமா காது கேக்காது."