கடைசி வரிசை

அன்புமொழி மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பேச்சு நின்று இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும்.

எதிரே தரையில் அறுபது பிள்ளைகள். முதலில் அமைதியாகத்தான் இருந்தார்கள். பிறகு ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது போதுமே, எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது.

குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம். எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நான்காம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அன்புமொழி முதலாம் ஆண்டு. மைக்கைப் பிடிப்பது இதுதான் முதல் தடவை. இன்றைக்குச் சொதப்பினால் முகாம் பட்டியலில் பெயரை வெட்டச் சொல்லிவிட்டுச் சொந்த ஊர் பொன்னமராவதிக்கே பஸ் ஏறிவிடுவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

நானும் சுடர்விழியும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் மூன்றாம் ஆண்டு, மாணவர் தலைவி. இரண்டாம் ஆண்டு படிக்கும் சுடர்விழி நான் தயார் செய்த பெண். அன்புமொழியைத் தயார் செய்வது சுடர்விழியின் பொறுப்பு. எங்கள் கல்லூரியில் இப்படித்தான், ஆளுக்கொரு ஜூனியர்.

அன்புமொழியின் உதடு கோணியது. அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மைக் வழியாகப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

கையை ஊன்றி எழப் பார்த்தேன். சுடர்விழி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எந்திரிக்கக் கூடாது ஆஃப்ரீன்க்கா. நீங்க சொன்ன ரூல்தானே?”

நான் சொன்னதுதான். ஜூனியர் கையில் மைக்கைக் கொடுத்ததும் சீனியர் கடைசி வரிசைக்குப் போய்விட வேண்டும். என்ன ஆனாலும் நிகழ்ச்சி முடியும்வரை எழக்கூடாது. அப்போதுதான் ஜூனியர் தலையெடுப்பாள். எங்கள் திட்ட அலுவலர் இதை அறிக்கையில் எழுதி, மற்ற கல்லூரிக்காரர்களிடம் பெருமையடித்து, எனக்கு ஒரு கேடயமும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ரூலுக்குச் சாட்சியே சுடர்விழிதான். போன வருட முகாமில் இதே மாதிரி நின்று அழுதவள். நான் எழவில்லை. அழுது முடித்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு ஆடு கணக்கு நோட்டைத் தின்ற கதையைச் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளிடம் மைக்கைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு.

அந்த ரூல் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பேச வேண்டியவள் நான்.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சுடர்விழியின் கையில் மைக்கைத் திணித்துவிட்டுக் கடைசி வரிசைக்கு ஓடினேன். ஏன் என்று அலுவலர் கேட்டபோது, வாயில் வந்ததுதான் அந்த ரூல். அவள் அழுதபோது நான் எழாததற்கும் அந்தப் பயம்தான் காரணம். எழுந்தால் நான் பேச வேண்டியிருக்கும்.

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் கூட்டத்தின் முன் வாய் திறந்ததில்லை. தன்னடக்கம் என்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

சுடர்விழியின் பிடி அப்படியொன்றும் இறுக்கமாக இல்லை. உதறிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அவள் பிடித்திருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அன்புமொழி மைக்கைத் தரையில் வைத்தாள். வாசல் பக்கம் திரும்பினாள்.

என் மணிக்கட்டிலிருந்து கை விலகியது. சுடர்விழி எழுந்துவிட்டாள். பிள்ளைகளைத் தாண்டி முன்னால் ஓடப் போனவள், ஒரு கணம் என் பக்கம் குனிந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“மன்னிச்சுக்கங்கக்கா. ஒங்க அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல.”

பரவாயில்லை என்பதுபோல் நான் தலையாட்டினேன்.