பயக்கோடு

கோர்பினியன் தரையில் மண்டியிட்டு வெண்டலினுடைய பைக்கின் பின் டயரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் தடவினார்.

பயக்கோட்டைக் காணோம்.

வளைவில் பைக்கைச் சாய்க்கப் பயப்படுகிறவரின் டயர் நடுவில் மட்டும்தான் தேயும். இரண்டு ஓரமும் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் அப்படியே இருக்கும். அந்த ஓரத்துக்குத்தான் பவேரியா மாநிலம் முழுக்கப் பயக்கோடு என்று பேர். ஆள் எவ்வளவு கதை வேண்டுமானாலும் அளக்கலாம், டயரைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

மே மாதத்தின் முதல் ஞாயிறு காலை, கணவாய் உச்சியில் இருக்கும் விடுதி வாசலில் ஆறு நண்பர்களும் டயரைக் காட்டியாக வேண்டும். கோடு குறைந்தவர் முன்னால் இறங்குவார், கோடு அகலமானவர் கடைசியாக வருவார். இதை எழுதிக் கையெழுத்துக்கூடப் போட்டிருக்கிறார்கள். இறக்கத்தில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள்.

பதினோரு வருடமாக வெண்டலின்தான் கடைசி.

போன வருடம் அவருடைய கோடு மூன்று விரல் அகலம். அதில் வீட்டு முகவரியையே எழுதலாம் என்று கோர்பினியன் சொன்னது, வெண்டலின் வேலை பார்க்கும் நகராட்சி அலுவலகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. குடும்பச் சான்றிதழுக்கு வந்த ஒரு அம்மாள்கூடச் சிரித்தார்.

இந்த வருடம் அந்தச் சிரிப்பை ஒழித்தே தீருவது என்று வெண்டலின் குளிர்காலம் முழுக்க டயர் படித்தார்.

அவருடைய வண்டி பாலைவனமே தாண்டக்கூடியது. அடியில் கவசத் தகடு, பக்கத்துக்கு ஒரு அலுமினியப் பெட்டி, கட்டி கட்டியாகப் புடைத்த மண்பாதை டயர். வெண்டலின் தார் போடாத பாதையில் போனது ஒரே ஒரு முறை, அதுவும் வழி தவறி. அந்த டயரைக் கழற்றிவிட்டு ரோட்டு டயர் போடுவது என்று முடிவு செய்தார். எந்த ரோட்டு டயர் என்பதற்கு மூன்று மாதம் ஆனது. ஈரத்தில் எது வழுக்காது, எந்த ரப்பர் எந்தச் சூட்டில் இளகிப் பிடிக்கும் என்று அவர் சாப்பாட்டு மேசையில் சொன்னதையெல்லாம் மனைவி ரோஸ்விதா காது புளிக்கக் கேட்டார்.

இன்று காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே இருவரும் உச்சிக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவே எல்லோருக்கும் முதல் அதிர்ச்சி.

கோர்பினியன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, அரம் போட்டுத் தேய்த்தாயா என்று நேராகவே கேட்டார். அவர்களுடைய பைக் சங்கத்தில் ஒருவர் முன்பு அப்படிச் செய்து மாட்டிக்கொண்டது உண்டு. மற்ற நால்வரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் முகர்ந்தும் பார்த்தார். ஓரத்து ரப்பர் சூட்டில் சின்னச் சின்னதாகச் சுருண்டிருந்தது. சாலையில் தேய்ந்தால்தான் அப்படி இருக்கும்.

எப்படி இருந்தது, சொல் என்றார்கள்.

வெண்டலின் சொன்னார். முதல் வளைவில் உயிர் உடம்பில் இல்லை. இரண்டாவதில் வண்டி சாய்ந்த சாய்ப்புக்குக் கையை நீட்டினால் சாலையைத் தொட்டிருக்கலாம். மூன்றாவதில்தான் புத்தி வந்தது, டயரை நம்புவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று. அப்புறம் உடம்பைத் தளர்த்திக்கொண்டார். வண்டி சாய்ந்தால் நிமிரப் பார்க்கக் கூடாது, கூடவே சாய வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஐந்து பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ரோஸ்விதா ஆப்பிள் ஸ்ட்ரூடல் பலகாரத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்ப வெண்டலினுக்குத் தைரியம் வரவில்லை.

கோர்பினியன் கைகொடுத்தார். பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. வெண்டலின் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். இந்த ஞாயிறு இத்தோடு முடிந்துவிடக் கூடாதா என்று ஏங்கினார்.

முடியவில்லை. சட்டம் என்று ஒன்று இருந்ததே.

"முன்னாடி போடா வெண்டலின்," என்றார் கோர்பினியன். "இன்னைக்கு நாங்க உன் முதுகைப் பாத்துக்கிட்டே இறங்குறோம்."

ஐந்து எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. வெண்டலின் ஹெல்மெட் வாரைப் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். வயிற்றுவலி என்று சொல்லலாமா என்று யோசித்தார். இன்னும் இரண்டு நிமிடத்துக்காவது பெரிய ஆளாக நின்றுகொண்டிருக்க வேண்டும் போலிருந்தது.

ரோஸ்விதா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கையுறையை இழுத்து மாட்டினார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

வெண்டலின் பின்னால் ஏறி, அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

ஐந்து எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் வெண்டலினுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினார்.

"புது டயர் வழுக்கும், முதல் இருநூறு கிலோமீட்டர் பதமா ஓட்டிப் பழக்கணும்னு கடையில சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. நான் பழக்கிட்டு வரேன்னு மார்ச்சுல இவ சாவியை வாங்கிட்டுப் போனா," என்றார். "இன்னும் திருப்பித் தரல."