ஐந்தாம் ஓட்டை

"இதுவும் செத்துப் போச்சு நப்ரீஸ்! மூண்டாவது!"

வெள்ளவத்தை காலி வீதியில் இருக்கும் அந்த இசைக்கருவிக் கடைக்குள் பூட்டப் போகிற நேரத்தில் உமாசுதன் புகுந்த வேகத்தில், வாசலில் கிட்டார் பார்த்துக்கொண்டு நின்ற பெண் ஒதுங்கி வழிவிட்டாள். புத்தம்புது மவுத் ஓர்கனைப் பெட்டியோடு மேசையில் டொக்கென்று வைத்தார்.

கடைக்கார நப்ரீஸ் பதறவில்லை. வாய் வைக்காமல் காற்றடித்துப் பார்க்கிற சின்னத் துருத்தியை எடுத்து, ஓட்டை ஓட்டையாகப் பார்த்தான். எல்லாம் பாடின. ஐந்தாம் ஓட்டையில் காற்றை உள்ளே இழுக்கும்போது மட்டும் சத்தமே இல்லை.

"மூணுலயும் அதே ஓட்டை சேர். பெக்டரியில இப்பிடி வாறல்ல. ஒங்களுக்கு முன்னால டெஸ்ட் பண்ணித்தானே தந்த?"

"கடையில நல்லாத்தான் பாடுது. வீட்டில வச்சா, அடுத்த நாள் எடுக்கேக்க செத்துக் கிடக்குது. கடல் காத்துப் படுதோ தெரியேல்லை."

"கடல் காத்து ஒரு ஓட்டையை மட்டும் தேடிப் போகுமா சேர்? நீங்க கழட்டினீங்களா?"

"முதலாவதை மட்டும் வாங்கின அண்டைக்குக் கழட்டினனான். உள்ளுக்கு இருக்கிற நாக்குகள் எப்பிடி அதிர்ந்து பாடுது, எந்த நாக்கு என்ர பாட்டுக்கு உயிர் எண்டு மனுசி மேனகாவுக்குக் காட்டினனான். மற்றதுகளைத் தொடவேயில்லை!"

மனுசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொள்ளுமா? நாளைப் பின்னேரம் கம்பஸ் கூட்டாளிகளின் ஒன்றுகூடல். டொரொண்டோவிலிருந்து துஷாந்தினி வந்து இறங்கியிருக்கிறாள். அந்தக் காலத்தில் கன்டீன் படிக்கட்டில் அவளுக்காக மட்டும் வாசித்த பாட்டை நாளைக்கு மேடையில் வாசிக்கச் சொல்லி, வட்ஸ்அப்பில் அவளே கேட்டிருக்கிறாள். ஐந்தாம் ஓட்டை ஊமையானால் அந்தப் பாட்டின் முதல் வரியே நொண்டும். மனைவி மேனகாவிடம் அவர் சொன்னதோ, "சும்மா, பெடியள் கேட்டவங்கள்" என்று.

"வேற ஒண்டு தாரும்."

"ஸ்டொக் முடிஞ்சு சேர். பொறுங்க, இதையே சரி பண்ணுவம்."

நப்ரீஸ் அடிப்பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே தட்டொன்றில் பித்தளை நாக்குகள் வரிசையாகக் கிடந்தன.

"புதுசா வாறதுல நாக்குக்கும் தட்டுக்கும் நடுவுல மயிரளவு இடைவெளி வச்சுத்தான் அனுப்புவாங்க. ஊதுறவங்கட மூச்சுக்குத் தக்கன நாம கூட்டிக் கொறைக்கலாம். இதுல இடைவெளியே இல்ல, பாருங்க. அந்த நாக்கு தட்டோட அமந்து கிடக்குது."

பல்லுக் குத்தும் குச்சியால் நாக்கின் நுனியை மெல்ல நிமிர்த்தினான். மூடியைத் திரும்பப் பூட்டப் போனவன், திருகாணியில் சிக்கியிருந்த நீலப்பச்சை நூல் துண்டொன்றை நகத்தால் எடுத்தான்.

"இது எங்க இருந்து வந்த?"

"பெக்டரிக் குப்பை! இதுதான் அவங்கட குவாலிட்டி!" என்று உமாசுதன் அதை ஊதித் தள்ளினார்.

துருத்தி வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் ஓட்டை குயிலாய்ப் பாடியது. மனுசன் நப்ரீஸின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கடற்கரைப் பக்க ஒழுங்கையால் அரை ஓட்டமாக வீட்டுக்குப் போனார்.

மேனகா ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தாள். நாளைக்கு உடுத்தப்போகிற மயில்கழுத்து நிறச் சேலைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். 'உமக்கு அங்க அலுப்படிக்கும்' என்று உமாசுதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் தானும் வருவதாக நின்றுவிட்டாள்.

செருப்பைக் கழற்ற முதலே உமாசுதன் பாட்டின் முதல் வரியை வாசித்துக் காட்டினார். மெஷின் நின்றது.

"எப்பிடி?"

"வடிவா இருக்குது. கலியாணம் கட்டினதிலயிருந்து நீங்கள் இதைத் தொட்டு நான் காணேல்லை. இப்ப மட்டும் என்ன வந்ததாம்?"

"அதுதான் சொன்னனே, பெடியள் கேட்டவங்கள்."

"ஓமோம். வேர்த்து ஒழுகுது, குளிச்சிட்டு வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

மவுத் ஓர்கனை மேசையில் வைத்தார். போனை மட்டும் மறக்காமல் குளியலறைக்குள் கொண்டுபோனார்.

குளித்துவிட்டு வந்து, தலை துவட்டின துவாயைத் தோளில் போட்டபடி வாயில் வைத்தார். முதல் வரி பாதியில் நொண்டியது. திரும்ப இழுத்தார். உதறினார், தொடையில் தட்டினார், மூச்சு முட்ட முட்ட இழுத்தார். ஐந்தாம் ஓட்டை அசையவில்லை.

"ஐயோ மேனகா, இதுவும் போச்சு! இப்பதானே அவன் என்ர கண்ணுக்கு முன்னால கழட்டிப் பூட்டினவன்! கடையும் பூட்டியிருப்பான், நாளைக்குத் திறக்கவும் மாட்டான், மேடையில நான் என்னத்தை வாசிக்கிறது? பெக்டரிக்காரன் நாசமாப் போவான்!"

அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. மேனகா தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். பிறகு தையல் மெஷின் லாச்சியை இழுத்து, அதிலிருந்த சின்ன ஸ்குரூ ட்றைவரைக் கையில் எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"அந்தப் பாவியைத் திட்டாதேங்கோ. எனக்கெண்டு ஒரு பாட்டு வாசிக்கிறன் எண்டு சொல்லுங்கோ, அந்த நாக்கை நானே நிமித்தி விடுறன்."