தலைவர் வீட்டுக் கம்பளம்

"இது எங்க ஊட்டு கம்பளமே இல்ல! மரியாதையா சுருட்டி எடுத்துக்கினு வெளிய போ!"

தணிகாசலம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. மொட்டைத் தலையும் லட்டுப் பையுமாகத் திருப்பதியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பையைக் கீழே வைக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கூடத்துக்குள் போய், விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் மூலையில் காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

கம்பளத்தை விரித்துப் போட்டிருந்த முனிரத்தினம் பதறி எழுந்தான். மெட்ராஸில் பெரிய ஓட்டல் ஒன்றில் பதினோரு வருஷம் கம்பளம் சுத்தம் செய்தவன், சொந்த ஊரில் பிழைக்கலாமென்று போன மாதம்தான் வந்து போர்டு மாட்டியிருந்தான். கையில் கிடைத்த முதல் கம்பளம் இதுதான். திருடன் என்று பேர் வந்தால் இரண்டாவது கம்பளம் இந்த ஜென்மத்தில் வராது.

"ஐயா, இது உங்குளுதுதான். அழுக்கு ஏறி மண்ணு கலர்ல இருந்துச்சு. அழுக்கு போனதும் செகப்பு தெரியுது, அவ்ளோதான்."

"எங்குளுது பழுப்புய்யா! வாங்குனதுலேருந்து பழுப்பு!"

மனைவி கிருஷ்ணம்மாள் கையைப் பிசைந்தாள். "வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்களேன்னு நான்தான் தூக்கிக் குடுத்தேன். தண்ணி பட்டா கம்பளம் செத்துப்பூடும்னு இவரு தொடவே உட மாட்டாரு. இவரு ஊர்ல இல்லாத நேரமா பாத்து குடுத்தேன், தப்பாப் போச்சே!"

அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடத் தெரிந்த அத்தனை பேரும் கம்பளத்துக்கும் வைத்தியர்கள்தானே!

"ஆசிட் ஊத்தியிருப்பான்மா" என்றாள் எதிர்வீட்டுத் தில்லையம்மாள். "இல்லாட்டி நாலு நாள்ல இம்மாம் பளபளப்பு எங்கேந்து வரும்? பாரு, பாதி சுருங்கியே போச்சு."

"ஒரு தபா தொவைச்சிட்டா அப்பறம் மாசாமாசம் தொவைக்கணும்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கொம்பால நாலு சாத்து சாத்துனா போதும். இதுக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு ஆளா?" என்றது இன்னொன்று.

தணிகாசலம் நெசவாளர் சங்கத்தின் தலைவர். அவரிடம் கையெழுத்து வாங்கத் தீர்மான நோட்டோடு வந்த புதுச் செயலாளர் கைலாசமும் தன் பங்குக்குச் சொன்னார். "ஈரம் தங்குனா கரையான் புடிக்கும்பா. நம்ம சங்கத்து கம்பளம் அப்படித்தானே போச்சு? நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. தலைவர் தன் கையாலயே நோட்டுல எழுதி வெச்சிருக்காரு, படிச்சா நமக்கே அழுக வரும்."

"தண்ணில முக்கவே இல்லைங்க" என்றான் முனிரத்தினம். "தூசி தட்டி, சோப்பு நொரைய மட்டும் தடவி, நெழல்ல காய வெச்சேன். ஒரு விரக்கடை சுருங்கியிருந்தாலும் என்னைக் கேளுங்க. தட்டுனதுல ரெண்டு படி மண்ணு வந்துச்சு. கூடவே இதுவும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பொடிசாக ஒரு தங்கத் திருகு மின்னியது.

"ஐயோ, என் கம்மல் திருகு!" கிருஷ்ணம்மாள் பாய்ந்து எடுத்தாள். "போன ஆடில தொலைஞ்சது! பாவம், வேலைக்காரியப் போட்டு அந்தத் திட்டு திட்டினேனே! ஏங்க, இது நம்ம கம்பளம்தாங்க!"

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு அடங்கியிருப்பார்கள். தணிகாசலத்துக்கோ கோபம் இன்னும் ஏறியது.

"நீ வாய மூடு! திருகு எந்த ஊட்டுலதான் இல்ல? இந்தாய்யா, ஒன் கூலி, ரெண்டு பங்கா வெச்சிக்கோ. இத எடுத்துக்கினு போயிடு. எனக்கு கம்பளமே வேணாம்!"

"பெரிய மனுசன்னா பெரிய மனுசன்தான்" என்று தில்லையம்மாள் உருகிப்போனாள். "திருடனுக்கே கூலி குடுத்து அனுப்புறாரு பாரேன்!"

திருடன்! அந்த வார்த்தை முனிரத்தினத்தைச் சுருக்கென்று தைத்தது. கண் கலங்கிவிட்டது.

"கூலி வேணாங்க. இத எடுத்துக்கினு நான் தெருவுல எறங்குனா, அப்பறம் யாரு என்னை ஊட்டுக்குள்ள சேப்பாங்க? ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அழுக்கு போனதும் மூலைல எழுத்து தெரிஞ்சுது. கம்பளத்துலயே நெய்ஞ்சிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஐயா பேராத்தான் இருக்கும். செயலாளரு படிச்சி சொல்லட்டும், அது வேற யாரு பேராவது இருந்தா என்னைப் போலீஸ்ல குடுங்க."

"எந்த மூலைல?" என்றார் கைலாசம்.

"ஐயா நின்னுக்கினு இருக்காரே, அங்கதாங்க."

"கால கொஞ்சம் எடுங்க தலைவரே."

"மலை ஏறி எறங்குன காலுய்யா, நகத்த முடியல" என்றார் தணிகாசலம். மொட்டைத் தலையில் வியர்வை துளிர்த்தது.

"இன்னாங்க இது, அவன் பொழப்பு போவுது, எடுங்களேன்!" கிருஷ்ணம்மாள் அவர் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கால் நகர்ந்துவிட்டது.

கைலாசம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்.

"ஸ்ரீ வேதவல்லி... பட்டு நெசவாளர்... கூட்டுறவு சங்கம்."

 லட்டுப் பை நழுவிக் கம்பளத்தின் மேல் விழுந்தது. கைலாசம் மெதுவாக நிமிர்ந்தார்.

"தலைவரே... இதத்தானா கரையான் தின்னுச்சு?"