பழசுக்குப் புதுசு

கண்ணீர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதனால்தான் இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கு வந்த உடனேயே சந்தேகம் தட்டியது.

வீட்டுக்குப் பின்னால் டைல்ஸ் போட்ட முற்றம். அதன் நடுவில், கோழி, மீன், சோளக்கதிர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாட்டுகிற பெரிய கரி அடுப்பு ஒன்று கால் உடைந்து, மூடி நசுங்கிக் கிடந்தது. அடுப்பின் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே பார்வை சரிபார்க்கிற மனிதர், தன் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சார். கரி தீந்துபோச்சுன்னு கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துக் காத்து அடிச்சிருக்கு. திரும்பி வந்து பார்த்தா, மரக்கிளை மேல விழுந்து, இந்தக் கோலத்துல கிடக்கு."

சர்வேயர் சும்மா தலையாட்டினார். போன மாதம் இதேபோல் ஒருவர், தானே உடைத்த டிவிக்கு ஓவென்று அழுதார். அதை நம்பி க்ளெய்மைப் பாஸ் பண்ணியதற்கு மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் இந்தச் சர்வேயர். இன்னொரு தடவை ஏமாந்தால் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

"கிளை எங்கே?"

"பக்கத்து வீட்டு அண்ணன்தான் உடனே துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டுப் போனார். தங்கமான மனுஷன். அதுக்கு முன்னாடியே நான் போட்டோ எடுத்துட்டேன், பாருங்க."

போட்டோவில் கிளை நிஜமாகவே அடுப்பின் மேல் ஏறிக் கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. பஸ் டிரைவராம்.

"என் வீட்டு மரம்தான் சார். வயசான மரம், காத்துக்குத் தாங்கல. எனக்கும் மனசே சரியில்ல" என்று இருமிக்கொண்டே சொல்லிவிட்டுத் தலை மறைந்தது.

சர்வேயர் டேப்பை எடுத்து அளந்தார். அளக்கும்போது பார்வை நாற்காலிகள் மேல் போனது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. எல்லாம் சுவரோரம் சமர்த்தாக அடுக்கியிருந்தன.

"நாற்காலியெல்லாம் எப்படித் தப்பிச்சது?"

"தரையைக் கழுவலாம்னு அன்னைக்குத்தான் சார் ஓரமா எடுத்து வச்சேன்" என்றாள் கடைக்காரரின் மனைவி. "நல்ல நேரம், பாருங்க."

"இந்த அடுப்பையும் முற்றத்தையும் இன்ஷூர் பண்ணச் சொன்னதே இவதான் சார்" என்றார் கடைக்காரர் தழுதழுத்து. "என்னைவிட இவளுக்குத்தான் அது மேல அக்கறை. இருங்க, அதுல கடைசியா சுட்ட கோழி ஃபிரிட்ஜ்ல இருக்கு. சூடு பண்ணி எடுத்துட்டு வரேன்."

அவர் உள்ளே போனதும் சர்வேயர் குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுங்கம்மா. புதுசு வாங்கணும்னு ஆசைப்பட்டு, அவரே இதை..."

"ஐயையோ!" அவள் பதறிப்போனாள். "சத்தியமா சொல்றேன் சார், அவருக்கு இதுல சம்பந்தமே இல்ல. அவர் பச்சைக் குழந்தை சார். அவர் மேல பழி போட்டுடாதீங்க."

பொய் சொல்கிற குரல் சர்வேயருக்கு அத்துப்படி. இது அந்தக் குரல் இல்லை. இப்படி ஒரு பெண்டாட்டி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"பணம் எப்ப சார் கைக்கு வரும்? இந்த இடத்துல ஒரு ஊஞ்சல் போடலாம்னு இருக்கேன்" என்றாள் அவள் மெதுவாக.

அதற்குள் கோழி வந்துவிட்டது. வெளியே கரி, உள்ளே பச்சை. ஒரு வாய் கடித்த சர்வேயரின் தாடை 'கடக்' என்றது. "பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தை நைசாகக் கைக்குட்டைக்குள் தள்ளி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"கவலைய விடுங்க சார். உங்க க்ளெய்மைப் பாஸ் பண்ணிடறேன்" என்றார் கடைக்காரரிடம். "ஆனா பணமா வராது. நீங்க எடுத்திருக்கிறது பழசுக்குப் புதுசு பாலிசி. இந்த மாடல் இப்ப வர்றதில்ல. அதனால இதைவிடப் பெரிய அடுப்பா கம்பெனியே கொண்டுவந்து இறக்கிடும்."

"பெரிசா!" கடைக்காரர் சர்வேயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அப்புறம் என்ன, ஞாயித்துக்கிழமை மட்டும் எதுக்கு? தினமும் சுடலாம்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் இருமல் பலமாகக் கேட்டது. மனைவியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷத்தில் பாவம் பேச்சு வரவில்லை என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்து ஹெல்மெட்டை மாட்டும்போதுதான், டேப்பை நாற்காலியில் விட்டுவந்தது ஞாபகம் வந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகத் திரும்பிப் போனார். உள்ளே கடைக்காரர் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

முற்றத்தில் அவர் மனைவி மதிலோரமாக நின்று, அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வேயர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டி, அடிக்குரலில் கேட்டாள்:

"அண்ணே, உங்க மரத்துல இன்னும் எத்தனை கிளை இருக்கு?"